பிரிக்காமல் விட்ட சிவப்பு டேப்

ரெங்கராஜுக்கு மணிகண்டன் அக்காள் புருஷன். அதற்கும் முன்னால் அத்தை மகன். ரெங்கராஜின் அப்பா தன் கூடப்பிறந்த ஒரே தங்கையைக் கோட்டூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த அத்தை பெற்ற மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளைதான் மணிகண்டன். உறவு விட்டுப்போகக் கூடாது என்று பிறகு அக்காள் கனகாவையும் அதே வீட்டுக்குக் கொடுத்தார்கள். அதனால் ரெங்கராஜ் நடக்கப் பழகிய நாளிலிருந்தே மணிகண்டனை மச்சான் என்றுதான் கூப்பிட்டார். அவர் இவரை மாப்ளே என்பார்.

குவைத்துக்கு முதலில் போனவர் மணிகண்டன். பிறகு இவரையும் இழுத்துக்கொண்டார். ஒரே கம்பெனி, ஒரே ரூம், ஒரே ஏணி. வீடுகளுக்கு ஏ.சி. பார்க்கிற வேலை. ஒருவர் மேலே ஏறினால் மற்றவர் கீழே பிடித்துக்கொள்வார். இருவருக்கும் தலை நரைத்தது அந்த ஏணியோடுதான்.

போன ஆகஸ்டு மாதம் ஒரு வில்லாவின் மொட்டைமாடியில் மணிகண்டன் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுத்துவரக் கீழே போன ரெங்கராஜ் திரும்பி வந்தபோது அவர் மிஷின்மேல் தலையைச் சாய்த்திருந்தார். வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கிறார் என்று நினைத்து, "என்னா மச்சான், ஓனர் பார்த்தா சம்பளத்தைப் புடிச்சிடுவான்" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

மச்சானின் உடல் இருந்த பெட்டி ஊருக்குப் போனபோது ரெங்கராஜ் கூடப் போகவில்லை. சூப்பர்வைசர் ஷ்யாம் கையை விரித்துவிட்டார். "ரெங்கராஜ் பாய், இது சீசன். ஒருத்தன் போயாச்சு, நீயும் போனா யாரு? லீவு மாஃபி, கெடையாது." திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் லீவில் போய்க்கொண்டிருந்தார். அவரோடு பெட்டியை அனுப்பினார்கள்.

கனகா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ வரலயா?"

"லீவு குடுக்கலக்கா."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தம்பியின் போனை எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் இவர் அடிப்பார். மணி அடித்து அடித்து ஓயும்.

ஹீட்டர் சமாச்சாரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குவைத் என்றால் வெயில் மட்டும்தான் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஜனவரியில் அங்கே போய்ப் பார்த்தால் தெரியும். பாலைவனத்துக் காற்று இறங்கினால் பல் தந்தியடிக்கும். அதற்காகவே வீட்டு ஏ.சி.களில் ஹீட்டர் வைத்திருப்பார்கள். பால்ஸ் சீலிங் என்கிற பலகைக் கூரைக்கு மேலே, காற்றைத் தள்ளுகிற பெட்டி ஒன்று படுத்திருக்கும். அதில் ப்ளோயர் ஊதுகிற வழியில் சுருள் கம்பிகளைக் கட்டியிருப்பார்கள், இட்லி அவிக்கிற கரண்டு அடுப்புக் கம்பி மாதிரி. கரண்டு பாய்ந்தால் கம்பி காயும், காற்று அதைத் தொட்டுக்கொண்டு ரூமுக்குள் இறங்கும்.

காற்று ஓடினால்தான் கம்பி காயலாம். காற்று நின்று கம்பி மட்டும் எரிந்தால் பெட்டியே உருகிவிடும். அதைத் தடுக்கப் பக்கத்திலேயே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காவல் ஒன்று உண்டு. சூடு மீறினால் அது கரண்டைத் துண்டித்துவிடும், ஆறினால் மறுபடி விடும்.

ஏப்ரல் வந்தால் இருவரும் வீடு வீடாகப் போய் ஹீட்டர் ஒயர்களைக் கழற்றி, டேப் சுற்றி, ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பழைய பெட்டிகளில் சுவிட்சு ஒட்டிக்கொண்டு கோடையிலும் ஹீட்டர் எரிந்துவிடும். ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடு. வீட்டுக்காரன் போன் போட்டுத் திட்டுவான். அந்தத் தொல்லை வேண்டாமென்று மணிகண்டன் உண்டாக்கிய பழக்கம் இது. டிசம்பரில் மறுபடி போய்ப் பிரித்து மாட்டுவார்கள்.

ரெங்கராஜ் டேப் சுற்றினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மணிகண்டன் அப்படியில்லை. சிவப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துப் பூனைக்காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்க விடுவார்.

அப்பாசியாவில் நெய்னா முகம்மது வீட்டில், அந்த ஆகஸ்டுக்கு முந்தைய ஏப்ரலில் நடந்தது இது. நெய்னா முகம்மது அதிராம்பட்டினத்துக்காரர். தெருமுனையில் சின்னதாக ஒரு பக்காலா, மளிகைக் கடை, வைத்திருக்கிறார். மனைவி நஜீஹா, நஜீஹாவின் உம்மா ஜுலைஹா பீவி, மூன்று பேர் அந்த வீட்டில். ஊர்ப் பக்கத்து ஆட்கள் என்பதால் இவர்கள் போனால் அந்த வீட்டில் முதலில் தேநீர்தான் வரும், வேலை பிறகு. அன்றைக்கு மணிகண்டன் ஏணி மேல் நின்று டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரெங்கராஜ் கீழே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், சுத்துங்க சுத்துங்க. டேப்பு என்னா ஒங்க மாமனாரு வீட்டுச் சீதனமா?"

"ஆமாடா. ஒங்கப்பன் எனக்குக் குடுத்ததே இந்த டேப்பு ஒண்ணுதான்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜுலைஹா பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏன் தம்பி, அக்காளைக் குடுத்தாங்களே, அது கணக்குல இல்லையா?"

"அது தண்டனை பீவிம்மா, சீதனம் இல்ல" என்றார் மணிகண்டன். பிறகு கீழே குனிந்து பார்த்தார். "இந்தா பாரு மாப்ள. டிசம்பர்ல எனக்கு முட்டி மடங்காது, நீதான் ஏறுவ. நகத்தால பொறாண்டிக்கிட்டு நிக்காத. இந்தக் காதப் புடிச்சு இழு, ஒரே இழுப்புல வந்துடும். வந்தா அங்கேருந்தே எனக்கு ஒரு கும்புடு போடு."

டிசம்பரில் முதல் வீடு சால்மியாவில் ஒரு வில்லா. கம்பெனி புதிதாகக் கொடுத்த ஆள் நேபாளத்துக்காரன், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெங்கராஜ் பலகையை நகர்த்தி டார்ச்சு அடித்தார். தூசிக்கு நடுவில் அந்தச் சிவப்புக் காது நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு எதையும் அவர் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. மச்சானின் துணிமணி, செருப்பு, எண்ணெய் பாட்டில் வரைக்கும் மூட்டை கட்டி அனுப்பியாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்றிருந்தார். இங்கே என்னவென்றால் மனுஷன் விரலால் மடித்தது மடித்தபடி உட்கார்ந்திருக்கிறது.

"பாய், கியா ஹுவா?" என்றான் கீழே இருந்தவன்.

"குச் நஹி", ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் காதைப் பிடித்து இழுத்தார்.

அப்படியே அந்த மாதம் முழுதும் போனது. ஒவ்வொரு வீட்டிலும் பலகையை நகர்த்த வேண்டும், டார்ச்சு அடிக்க வேண்டும், மச்சானின் கையைப் பார்க்க வேண்டும், அதைப் பிரித்தெறிய வேண்டும். பிரிக்காவிட்டால் அந்த வீட்டுக்குச் சூடு கிடையாது. பாதி வீடுகள் முடிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இது தீர்ந்துபோகிற பொருள். அக்காளுக்கு ஒன்றைக்கூடக் காட்டவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினார். அவள் திறந்தே பார்க்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவள் போனை எடுப்பாள், அன்றைக்கு நேராகக் காட்ட வேண்டும், புருஷன் கடைசியாகத் தொட்டுவைத்த வேலை வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று அவள் பார்க்க வேண்டும். பெட்டியோடு போகாத குற்றத்துக்கு அவரிடம் வேறு பரிகாரம் இல்லை. இப்படித்தான் அவர் மனசு ஓடியது.

கடைசியில் மிஞ்சியது நெய்னா முகம்மது வீடு.

நெய்னா முகம்மது கூப்பிட்டார். "ரெங்கராஜண்ணே, எங்க வீட்டு ஹீட்டர மறந்துட்டியளா?"

"மறக்கல பாய். அதுல ஒரு பார்ட்டு போயிருக்கு. ஆர்டர் போட்டிருக்கோம்."

அந்தப் பொய் வாயில் வந்தது எப்படி என்று அவருக்கே தெரியாது. ஆனால் வந்தபிறகு சௌகரியமாக இருந்தது. அந்த வீட்டு மிஷினுக்கு இன்னொரு வழி உண்டு என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வெளியே பால்கனியில் நிற்கிற பெட்டியைக் குளிர்காலத்தில் திருப்பி ஓடவிட்டால், வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும். உள்ளே இருக்கிற கம்பி அதற்குத் துணைக்குத்தான். சாதாரணக் குளிருக்குத் துணை வேண்டியதில்லை. கடுங்குளிர் வந்தால்தான் வெளிப்பெட்டிக்கு மூச்சு வாங்கும். மேலெல்லாம் பனி பூத்துவிடும், அதை உருக்க நடுநடுவே வேலையை நிறுத்திக்கொள்ளும். அந்த நேரம் துணையும் இல்லையென்றால் ரூமுக்குள் குளிர்காற்றுதான் கொட்டும். இது ரெங்கராஜுக்குத் தெரியாததல்ல. குளிர் அவ்வளவு வராது, அதற்குள் அக்காள் எடுத்துவிடுவாள் என்றிருந்தார்.

ஊரில் மனைவி சீதாலட்சுமியை விட்டுச் சொல்லச் சொன்னார்.

"போனேங்க" என்றாள் அவள். "அவரு கையால செஞ்ச வேலை ஒண்ணு அங்க இருக்காம், நீங்க பாக்கணுமாம்னு சொன்னேன். அண்ணி ஆட்டுக்குத் தழை போட்டுக்கிட்டே இருந்தாங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

"இன்னொரு தடவ போ."

"எத்தன தடவங்க போறது? எனக்கும் முகம் இருக்குல்ல."

ஜனவரியில் காற்று இறங்கியது. நெய்னா முகம்மது மறுபடி கூப்பிட்டார்.

"மாமிக்குத் தாங்கலண்ணே. மேலேருந்து ஐஸு மாதிரி கொட்டுதுங்குறாங்க. அந்தப் பார்ட்டு அமெரிக்காவுலேருந்தா வருது?"

"இந்த வாரம் வந்துடும் பாய்."

அன்று சாயங்காலம் ரெங்கராஜ் தன் கட்டிலில் இருந்த தடித்த கம்பளியை எடுத்துக்கொண்டு போய் ஜுலைஹா பீவியிடம் கொடுத்தார். கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒனக்கு வேணாமா தம்பி?" என்றார். "எனக்கு ரூம்ல இருக்கு பீவிம்மா." நஜீஹா தேநீர் கொண்டுவந்தாள். ரெங்கராஜின் தலைக்கு மேலே, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம், காது நீட்டிக்கொண்டிருந்தது. பையில் டெஸ்டரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தன. தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நெய்னா முகம்மது கடையிலிருந்து ஒரு சின்ன ஹீட்டரைக் கொண்டுவந்து சுவரில் சொருகிப் பார்த்திருக்கிறார். பழைய கட்டிடம், அதைப் போட்டால் பிரேக்கர் விழுந்து கரண்டு நின்றது. பிறகு நஜீஹாவுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. கடையில் கறி சுடுகிறவர்கள் வாங்குகிற கரி மூட்டை இருந்தது, வீட்டில் சாம்பிராணிச் சட்டி இருந்தது. சட்டியில் கரியைப் போட்டுப் பற்றவைத்துக் கனிந்ததும் உம்மாவின் ரூமில் வைத்தாள். சூடு வெளியே போகக் கூடாதென்று கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு துண்டையும் செருகிவிட்டாள். உம்மா வெகுநாளைக்குப் பிறகு கால் நீட்டித் தூங்கினார் என்று அவளுக்குச் சந்தோஷம்.

காலையில் தொழுகைக்கு எழுப்பப் போனவள் உலுக்கி உலுக்கிப் பார்த்திருக்கிறாள். கண் பாதி திறந்திருந்தது, பேச்சில்லை. ஆம்புலன்சு வந்து தூக்கிக்கொண்டு போனது.

ரெங்கராஜுக்குச் செய்தி வந்தபோது ஒரு வில்லாவின் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். நெய்னா முகம்மது போனில் அழவில்லை, கத்தவும் இல்லை. "கரிப்புகைண்ணே. உசுரு இருக்கு. ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க. நஜீஹா பைத்தியம் புடிச்ச மாதிரி உக்காந்திருக்கா, நான்தான் எங்க உம்மாவக் கொன்னேங்குறா" என்றார்.

ரெங்கராஜ் நேபாளத்துக்காரனை அங்கேயே இறக்கிவிட்டு வண்டியை அப்பாசியாவுக்குத் திருப்பினார். வழியில் சீதாலட்சுமிக்கு அடித்தார். என்ன சொன்னார் என்று அவருக்கு நினைவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் புருஷன் அழுது அவள் கேட்டதில்லை. போட்டது போட்டபடி செருப்புக்கூடப் போடாமல் கனகா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

நெய்னா முகம்மது மாமிக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். கதவு திறந்து கிடந்தது. ஏணியோடு வந்து நின்றவரைப் பார்த்தார்.

"பார்ட்டு வந்துருச்சா?"

"பார்ட்டு ஒண்ணும் இல்ல பாய்."

"பின்ன?"

"ஒயர மாட்டணும். அவ்வளவுதான்."

நெய்னா முகம்மது கையில் ஜுலைஹா பீவியின் முக்காட்டுத் தாவணி இருந்தது. அதை ஒருமுறை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவ்வளவுதானா?"

ரெங்கராஜ் சொன்னார். மச்சான் சுற்றியது, அக்காளுக்குக் காட்டக் காத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது. ராப்பகலாகச் சுமந்துகொண்டிருந்தபோது மலையாக இருந்தது, வாயில் வந்தபோது ஒரு முழம் டேப்பு. நெய்னா முகம்மது கடைசிவரை கேட்டார். பிறகு சன்னலைத் திறந்துவிட்டு, சாம்பிராணிச் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

"மாட்டிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

ஏணியைப் பிடிக்க ஆளில்லை. சுவரில் சாய்த்து ஏறினார். பிரேக்கரை இறக்கிவிட்டு, பலகையை நகர்த்தி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார். அந்த நேரம் போன் அடித்தது. சீதாலட்சுமியின் நம்பர், வீடியோ. டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் போனைத் திறந்தால் தெரிந்தது கனகாவின் முகம். பொட்டில்லாமல் அக்காளை அவர் அன்றுதான் பார்த்தார்.

"எங்கடா இருக்க?"

"அவங்க வீட்ல… ஏணி மேலக்கா."

"காட்டு."

கையை நீட்டிக் காட்டினார். டார்ச்சு வெளிச்சத்தில் தகரப் பெட்டி, தூசி, நடுவில் சிவப்பு.

"இதுவா?"

"இதுதாங்க்கா. மச்சான் சுத்துனது. கடைசியா இது ஒண்ணுதான்…"

"அத மாட்டியிருந்தா அந்தப் பொம்பளைக்குக் கரி வச்சிருக்க மாட்டாங்கல்ல?"

ரெங்கராஜ் டார்ச்சைத் தகரப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார்.

"கேக்குறேன்ல?"

"வச்சிருக்க மாட்டாங்கக்கா."

"ஏன்டா, அவரு வந்தப்ப நீ கூட வரல. சரி, அங்கதான் இருந்தியே, அவரு பண்ணுன வேலையவாவது ஒழுங்காப் பாத்தியா? டேப்ப வச்சுப் பூசை பண்ணிக்கிட்டு ஒரு வயசான உசுரக் குளிருல போட்டிருக்க. என் தலையில வேற தூக்கி வக்கிற, அக்காளுக்குக் காட்டணும்னு. நான் கேட்டனாடா? அவரு இருந்திருந்தா ஏணிய உருவி வுட்டுருப்பாரு."

பின்னால் ஆடு கத்துவதும், "அண்ணி, போதும்" என்று சீதாலட்சுமி சொல்வதும் கேட்டன. ரெங்கராஜ் போனைக் கீழே இறக்கப் போனார்.

"இரு. அந்த நுனியக் கொஞ்சம் கிட்டக் காட்டு."

காட்டினார். கனகா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"லீவுல வந்தா மசாலாப் பொட்டலத்தையும் இப்புடித்தான் மடிச்சு வப்பாரு" என்றாள். "இது என்னா பொட்டலத்துக்குக் கொம்புன்னு நான் திட்டுவேன்."



"பிரிச்சுடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரெங்கராஜ் காதைப் பிடித்தார். கோடையெல்லாம் அந்தத் தகரத்துக்குள் வெந்து கிடந்த டேப்பு, பசை இறுகிப்போய் வராமல் அடம்பிடிக்கும், கத்தி வைத்து அறுக்க வேண்டியிருக்கும் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்தார். அப்படியானால் கொஞ்ச நேரமாவது கூடக் கிடைக்கும். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

ஒயர்களை மாட்டினார். காவல் சுவிட்சை டெஸ்டர் வைத்துப் பார்த்தார். இறங்கிப் பிரேக்கரைத் தூக்கி, முதலில் காற்றை மட்டும் ஓடவிட்டார். பிறகு ஹீட்டரைப் போட்டார். கம்பியில் படிந்திருந்த தூசி கருகிக் கொஞ்ச நேரம் நாற்றம் வந்தது, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நாற்றம். அது அடங்கியதும் ஜுலைஹா பீவியின் கட்டிலுக்கு மேலே சூடு இறங்க ஆரம்பித்தது. கட்டிலில் ரெங்கராஜின் கம்பளி கசங்கிக் கிடந்தது. சன்னல் திறந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார். சாத்தினார். கதவையும் சாத்திக்கொண்டு இறங்கினார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் தேநீர் குடிக்காமல் வெளியே வந்தார்.

ஜுலைஹா பீவி பிழைத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தவர் பழைய ஆளில்லை. பேச்சு குழறியது, கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. ஏப்ரலில் அந்த வீட்டு வேலைக்கு நெய்னா முகம்மது கம்பெனியில் சொல்லி வேறு ஆளை வரவழைத்துக்கொண்டார்.

கனகா இப்போது போனை எடுக்கிறாள். வெள்ளிக்கிழமை இவர் அடித்தால் எடுத்து, நலம் கேட்காமல், புருஷனைப் பற்றிப் பேசாமல், ஒன்றே ஒன்று கேட்கிறாள். "அந்தப் பொம்பள எப்புடி இருக்கு?" பதில் வந்ததும் வைத்துவிடுகிறாள்.

அந்தப் பதிலுக்காக ரெங்கராஜ் வியாழக்கிழமை தோறும் பஸ் பிடித்து அப்பாசியாவுக்குப் போகிறார். பக்காலாவில் ஒரு சோப்போ ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ எடுத்துக்கொண்டு, மற்ற ஆட்கள் போகும்வரை ஓரமாக நிற்கிறார். கல்லாவில் நெய்னா முகம்மது தலை நிமிராமல் பொருளைப் பையில் போடுகிறார்.

"பீவிம்மா எப்புடி இருக்காங்க பாய்?"

"இருக்காங்க."

அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு ரெங்கராஜ் ரூமுக்குத் திரும்புகிறார், மறுநாள் அக்காளிடம் சொல்ல.